ஒரு ஸ்டார் விழுந்தால் முதலில் திறக்க வேண்டியது ரெஜிஸ்டர்

"ஹாட் வாட்டர் வரல. ஸ்டாஃப் ரூட். வேஸ்ட் ஆஃப் மணி." ஒரு ஸ்டார். ராத்திரி பதினொன்றரைக்கு இந்த கூகுள் ரிவ்யூ போனில் வந்து விழுகிறது. கொடைக்கானலில் பத்து ரூம் வைத்து லாட்ஜ் நடத்துபவருக்கு அதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். படுக்கையில் உட்கார்ந்தபடியே பதில் தட்டுவார்: "நாலு பேர் என்று சொல்லி ஆறு பேர் வந்தீர்கள். ராத்திரி ஒரு மணி வரை கூத்து. உங்களை மாதிரி ஆட்களுக்கு எங்கள் லாட்ஜ் சரிப்படாது."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் நஷ்டம் லாட்ஜுக்குத்தான். ஓனர் பதில் போட்டதும் ரிவ்யூ எழுதியவருக்கு கூகுளிலிருந்து தகவல் போகும். அவர் தன் ரிவ்யூவை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், படம் சேர்க்கலாம். ராத்திரி மூன்று வரியாக இருந்தது விடிவதற்குள் முப்பது வரியாகி, பாத்ரூம் மூலையில் படிந்த கறையும் சேர்ந்து மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். ஓனரின் கோபம் கீழே அப்படியே நிற்கும். அடுத்த வாரம் குழந்தைகளோடு வரப்போகும் ஒருவர் ரூம் தேடும்போது கறையைவிட அந்தக் கோபத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

அதனால் அன்றைக்கு ராத்திரி பதில் வேண்டாம். அதற்காக இரண்டு வாரம் தள்ளிப்போடவும் வேண்டாம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ, வேலை ஓய்ந்த மத்தியான நேரத்தில் போட்டால் போதும். இடையில் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. ரெஜிஸ்டரைத் திறக்க வேண்டும்.

கூகுளில் ரிவ்யூ எழுத ரூம் எடுத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெயரும் சொந்தப் பெயராக இருக்க வேண்டியதில்லை. "சிங்கக்குட்டி 007" எந்த ரூமில் தங்கினார் என்று ரிவ்யூவை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. புக்கிங் டாட் காம் அப்படி இல்லை. அங்கே ரூம் போட்டவர்தான் எழுத முடியும், புக்கிங்கோடு பொருத்திப் பார்த்துவிடலாம். கூகுளுக்குத் தேதி, படத்தில் தெரியும் ஜன்னல் கம்பி, பெட்ஷீட் நிறம் என்று துப்பறிய வேண்டியதுதான். இந்த வேலை சுலபமாக வேண்டுமென்றால் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு நோட்டு இருக்க வேண்டும். நூறு பக்க நோட்டு ஒன்றில் ஐந்து கட்டம்: நேரம், ரூம் நம்பர், என்ன குறை, யார் போய்ப் பார்த்தது, எத்தனை மணிக்குச் சரியானது. கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரிகள்தான் பின்னால் ஒரு ஸ்டாராக மாறி வருபவை. ஷிஃப்ட் மாறும்போது ராத்திரி ஆள் காலை ஆளிடம் இந்த நோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். "காலையில சொல்லிக்கலாம்னு நெனச்சேண்ணே" என்ற பேச்சுக்கு அப்போது இடமில்லை.

நோட்டில் அந்தக் குறை இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் அதுவே ஒரு சேதி. ஒன்று, விருந்தினர் யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறார். இல்லையென்றால் அவர் சொன்னதை யாரோ எழுதாமல் விட்டிருக்கிறார்.

சுடுதண்ணீர் புகாரையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மலை ஊர்களில் திரும்பத் திரும்ப வருவது இது. ஓனர் சொல்வார், "கீசர் நல்லாத்தானே ஓடுது." ஓடுகிறது, உண்மை. பாத்ரூமில் இருப்பது 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர். குளிர்காலத்தில் தொட்டித் தண்ணீர் 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அது 60 டிகிரிக்கு ஏற 24 நிமிஷம் ஆகும். அந்தத் தண்ணீரைக் குழாய்த் தண்ணீரோடு 40 டிகிரிக்குக் கலந்தால் கிடைப்பது 27 லிட்டர், அதாவது ஒன்றரை வாளி. ஒருவர் தாராளமாகக் குளித்தால் தீர்ந்தது. அடுத்தவர் உள்ளே போகும்போது மறுபடி 24 நிமிஷம் காத்திருக்க வேண்டும். சீசனில் எல்லா ரூமிலும் ஹீட்டர் ஓடி மின்னழுத்தம் 190 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே கீசருக்கு 34 நிமிஷத்துக்கு மேல் பிடிக்கும். ஒன்பது மணிக்கு டாக்ஸி வரச் சொல்லிவிட்டு எட்டரைக்கு மூன்றாவது ஆளாகப் பாத்ரூமுக்குள் போகிறவருக்கு அந்த லாட்ஜில் சுடுதண்ணீர் கிடையாது. அவர் எழுதியதில் பொய் இல்லை.

மாடியில் சோலார் வைத்து எல்லா ரூமுக்கும் குழாய் இழுத்திருந்தால் தொல்லை வேறு மாதிரி. முக்கால் அங்குலக் குழாயில் மீட்டருக்கு ஏறக்குறைய 300 மில்லி தண்ணீர் நிற்கும். தொட்டியிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருக்கும் ரூமில் 6 லிட்டர் பச்சைத் தண்ணீர் வெளியே போன பிறகுதான் சூடு வரும். விருந்தினர் அரை நிமிஷம் கை வைத்துப் பார்த்துவிட்டு மூடிவிடுவார். மூன்று முறை திறந்து மூன்று முறை மூடிவிட்டுக் கீழே வந்து சத்தம் போடுவார். ரூம் பாய் மேலே போய் இரண்டு நிமிஷம் திறந்துவிட்டு, "தண்ணி சூடாத்தானே சார் வருது" என்பான். அந்த ஒரு வாக்கியம்தான் ரிவ்யூவில் "ஸ்டாஃப் ரூட்" என்று ஆவது. கீசரில் தொடங்கியது ஆள்மேல் போய் முடிகிறது.

இதற்குச் செலவில்லாத வழி, பாத்ரூம் கதவின் உள்பக்கம் ஒரு அட்டை: "ஒருவர் குளித்த பிறகு அரை மணி நேரம் இடைவெளி விடவும்" அல்லது "சூடு வர இரண்டு நிமிஷம் ஆகும், முதலில் வரும் தண்ணீரை வாளியில் பிடித்துக்கொள்ளவும்." செலவுள்ள வழி, நாலு பேர் தங்கும் ரூமில் 25 லிட்டர் கீசர். இந்த இரண்டில் ஒன்றை முடிவு செய்த பிறகுதான் பதில் எழுத உட்கார வேண்டும். ஒன்றும் செய்யாமல் எழுதினால் "உங்கள் கருத்துக்கு நன்றி, கவனத்தில் கொள்கிறோம்" என்றுதான் கை எழுதும்.

அந்த வாக்கியம் வேண்டவே வேண்டாம். பத்து ரிவ்யூவுக்குக் கீழே அதே வரி பத்து முறை நின்றால் ஒன்றையும் படிக்கவில்லை என்று எழுதி ஒட்டியது போலாகும். இந்தப் புகாருக்குப் போடக்கூடிய பதில் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"வணக்கம். நீங்கள் தங்கிய அன்று காலை சுடுதண்ணீர் போதவில்லை என்பது எங்கள் பதிவிலும் இருக்கிறது. அறையில் இருப்பது 15 லிட்டர் கீசர். ஒருவர் குளித்த பிறகு மறுபடி சூடாக அரை மணி நேரம் ஆகும். அதை நாங்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மன்னிக்கவும். இப்போது எல்லா அறையிலும் இதை எழுதி வைத்திருக்கிறோம். குடும்ப அறைகளில் பெரிய கீசர் போட ஏற்பாடு செய்துவருகிறோம். எங்கள் ஆள் பேசிய விதம் பற்றி உங்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். லாட்ஜ் எண்ணில் கூப்பிட்டு மேனேஜர் என்று கேளுங்கள்."

கூகுள் பதிலுக்கு நிறையவே இடம் தருகிறது. அத்தனையும் எழுதுவதற்கு என்று நினைத்துவிடக் கூடாது. பதில் நீண்டால் போனில் முதல் சில வரிதான் தெரியும், மீதியைத் தட்டித்தான் திறக்க வேண்டும். எனவே குறையின் பெயர் முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும். மன்னிப்பு ஒரு முறை போதும், மூன்று முறை கேட்டால் நடிப்பு போலத் தெரியும். "மன்னிக்கவும், ஆனால்" என்று எழுதினால் அந்த "ஆனால்" முன்னால் சொன்ன மன்னிப்பைத் தின்றுவிடும். ரிவ்யூ எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே பதில் சொல்லலாம். தங்கிலீஷில் எழுதியிருந்தால் எளிய தமிழ் போதும். சாட்பாட்டிடம் கேட்டு வாங்கிய இலக்கண சுத்தமான நாலு பத்தியைப் பத்து ரூம் லாட்ஜின் ஓனர் எழுதினார் என்று யாரும் நம்பப்போவதில்லை.

எழுதக்கூடாதவை சில உண்டு. ரூம் நம்பர், கூட யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள், ஆதாரில் எந்த ஊர், எதுவும் கூடாது. "நீங்கள் அந்தப் பெண்ணோடு வந்தபோது" என்று ஆரம்பிக்கும் ஒரு பதில் ஒரு குடும்பத்தையே குலைத்துவிடும், வக்கீல் நோட்டீஸும் வரும். அதேபோல், "அந்த ஊழியரை வேலையை விட்டு நீக்கிவிட்டோம்" என்று பெருமையாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். படிப்பவருக்கு அது நியாயமாகத் தெரியாது. பதினெட்டு மணி நேரம் தொடர்ந்து ரிசப்ஷனில் நின்ற பையன் ராத்திரி முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால், ஷிஃப்ட் போட்டவரைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கோயில் ஊர்களில் சண்டை சுடுதண்ணீரில் வருவதில்லை, கடிகாரத்தில் வருகிறது. ராமேஸ்வரம், கும்பகோணம் பக்கத்து பழைய லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்கு வழக்கம். காலை ஐந்துக்கு வந்தால் மறுநாள் காலை ஐந்து வரை. ஆப்பில் போட்டால் மத்தியானம் 12 மணி செக்-இன். ரெண்டு கணக்கும் ஒரே கட்டிடத்தில் ஓடும். விடிகாலை ரயிலில் வயதான அம்மாவோடு இறங்கியவர், காசு கட்டிய ரூமுக்கு வெளியே ஏழு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் நேரடியாக வந்தவர் சாவி வாங்கிக்கொண்டு மேலே போவார். "ஏமாற்றுகிறார்கள்" என்று அவர் எழுதாமல் என்ன செய்வார்? விதியைப் பதிலில் விளக்கினால் வாதம் ஜெயிக்கலாம், ஆள் ஜெயிக்காது. முதல் நாள் சாயங்காலமே ஆப் புக்கிங்குகளுக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டால் இது வராது: "நாளை எத்தனை மணிக்கு வருகிறீர்கள்? ரூம் மத்தியானம் 12 மணிக்குத்தான். அதற்கு முன் வந்தால் பெட்டி வைக்கவும் குளிக்கவும் கீழே இடம் இருக்கிறது." கொடைக்கானல், ஊட்டிக்காரர்கள் அதே மெசேஜில் இ-பாஸ் (வண்டியில் மலை ஏற இணையத்தில் எடுக்கும் அனுமதி) பற்றியும் ஒரு வரி சேர்க்கலாம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தெரியாமல் வந்து சோதனைச் சாவடியில் நின்றவரின் எரிச்சல் கடைசியில் லாட்ஜின் தலையில்தான் விடியும்.

பில் சம்பந்தமான புகாரில் சாமர்த்தியம் செல்லாது, சட்டம் தெரிந்திருக்க வேண்டும். உணவகங்கள் சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படிச் சேர்த்துவிட்டு, ரிவ்யூவில் "அது எங்கள் வழக்கம்" என்று பதில் போடுவது தானே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம். ரூம் வரியும் அப்படித்தான். நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருக்கும் ரூமுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய சாஃப்ட்வேரில் பழைய கணக்கே ஓடிக்கொண்டிருந்தால் புகார் சரியானது, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் (சின்னக் கடைகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) இருக்கும் மெஸ், பில்லில் தனியாக வரி வசூலிக்கவே முடியாது.

சாப்பாட்டுப் புகாரில் முதலில் கேட்க வேண்டியது பில். பில்லின் மேல் நேரம் இருக்கிறது என்பதற்காகத்தான், கோபமாகக் கேட்கக் கூடாது. "சாம்பார் புளிச்சுப் போச்சு" என்றால் அது பன்னிரண்டரை மணி சாம்பாரா, மூன்றரை மணி சாம்பாரா என்று தெரிய வேண்டும். சூடான பதார்த்தம் 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. அடுப்பிலிருந்து இறக்கி, சாம்பார் வாளியில் ஊற்றி, பந்தி பந்தியாகச் சுற்றி வரும்போது அந்தச் சூடு நிற்காது. மிச்சத்தைப் புது சாம்பாரோடு கலக்கும் பழக்கமும் இருந்தால் மூன்று மணிக்கு மேல் வருபவருக்கு வினைதான். பார்சலில் தேங்காய்ச் சட்னியைச் சூடான இட்லியோடு ஒரே பொட்டலத்தில் கட்டினால், ரயிலில் நாலு மணி நேரம் கழித்துப் பிரிப்பவருக்குக் கெட்டுப்போன சட்னிதான் கிடைக்கும். "எங்கள் கடையில் எல்லாம் ஃபிரெஷ்" என்று எழுதுவதைவிட, பார்சல் கவரில் "சட்னியை இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடவும்" என்று முத்திரை குத்துவது மேல்.

வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனோம் என்று ஒரு ரிவ்யூ வந்தால் மட்டும் மத்தியானம் வரை காத்திருக்க வேண்டாம். கிடைத்த நம்பரில் உடனே கூப்பிட்டு அவர் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, எப்போது தொந்தரவு ஆரம்பித்தது என்பதெல்லாம் அதற்கப்புறம். பொதுவில் எழுதும்போது ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். "கேட்டதும் கவலையாக இருக்கிறது, அன்றைய சமையலைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம், உங்களோடு பேச முயல்கிறோம்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். "அன்று இருநூறு பேர் சாப்பிட்டார்கள், வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வரி. காய்ச்சலோடு படுத்திருப்பவரைப் பொய்யர் என்று சொல்லும் வரியும் அதுதான்.

பொய் ரிவ்யூ இல்லையா என்றால், இருக்கிறது. எதிர்க்கடைக்காரர், நின்றுபோன ஊழியர், "பாதிப் பணம் திருப்பித் தா, இல்லாவிட்டால் ஒரு ஸ்டார்" என்று கல்லாவில் நின்று சொல்பவர், எல்லாம் உண்டு. ரிவ்யூ பக்கத்திலிருக்கும் மூன்று புள்ளியைத் தட்டிப் புகார் செய்யலாம். ஆனால் கூகுள் பஞ்சாயத்து பண்ணாது. "இது உண்மையில்லை" என்று சொன்னால் மட்டும் அங்கே போதாது. விளம்பரம், ஆபாசம், மிரட்டல், சாதி மத வசை, சொந்த விவரம், இடத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம், போட்டியாளரின் உள்நோக்கம் போன்றவற்றில் எது பொருந்துகிறதோ அதைத் தேர்ந்தெடுத்தால்தான் பார்ப்பார்கள். மிரட்டியவர் வாட்ஸ்அப்பில் மிரட்டியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரப்படுத்துங்கள். நிராகரித்தால் மேல்முறையீட்டுக்கு ஒரு வாய்ப்பு உண்டு, அதைக் கோபத்தில் வீணாக்கக் கூடாது. நீக்கும் வரை கீழே சும்மா விடாமல், "இந்தப் பெயரிலும் இந்த நாட்களிலும் எங்கள் ரெஜிஸ்டரில் பதிவு கிடைக்கவில்லை. வேறு பெயரில் புக் செய்திருந்தால் புக்கிங் நம்பரைச் சொல்லுங்கள், உடனே பார்க்கிறோம்" என்று எழுதலாம். இரண்டாவது வாக்கியம் அவசியம். புருஷன் பெயரில் போட்ட ரூமுக்கு மனைவி ரிவ்யூ எழுதுவது தினம் நடப்பது.

இதற்கு மாற்றாகக் காசு கொடுத்து ஐந்து ஸ்டார் வாங்கலாம் என்று வாட்ஸ்அப்பில் ஆள் வருவார். சாத்தூரில் இருக்கும் மெஸ்ஸுக்கு ஒரே நாளில், தமிழ்நாட்டுப் பக்கமே வராத பெயர்களில் இருபது ரிவ்யூ "நைஸ் பிளேஸ், குட் ஃபுட்" என்று வந்தால் உள்ளூர்க்காரருக்கே தெரிந்துவிடும். கூகுளுக்கும் தெரியும், மொத்தமாக அள்ளிவிடும், சில நேரம் நல்லவற்றையும் சேர்த்து. ரிவ்யூ போட்டால் ஒரு காபி இலவசம் என்பதும் கூகுள் விதிக்கு விரோதம். சந்தோஷமாக இருப்பவரிடம் மட்டும் க்யூஆர் அட்டையை நீட்டுவதும் அப்படியே. சாவி திருப்பித் தருகிற எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கலாம், அதில் தவறில்லை.

சின்ன இடங்கள் அப்படிக் கேட்டாக வேண்டிய காரணமும் இருக்கிறது. 15 ரிவ்யூவில் 4.6 வைத்திருக்கும் புது ஹோம்ஸ்டேவுக்கு ஒரு ஸ்டார் ஒன்று விழுந்தால் 4.4 ஆகிவிடும். பழைய 4.6-க்குத் திரும்ப ஏழு ஐந்து ஸ்டார் வேண்டும். 300 ரிவ்யூவில் 4.3 வைத்திருக்கும் இடத்துக்கு அதே ஒரு ஸ்டார் விழுந்தால் ஊசி குத்தின அளவுகூட இல்லை, 4.3 அப்படியே நிற்கும்.

ஏர்பிஎன்பி வைத்திருப்பவர்கள் நாள் கணக்கையும் பார்க்க வேண்டும். விருந்தினர் போன 14 நாளுக்குள் இரு தரப்பும் எழுத வேண்டும். ஒருவர் எழுதியது மற்றவர் எழுதும்வரையோ கெடு முடியும்வரையோ தெரியாது. அவர் எழுதியதற்குப் பதில் போட 30 நாள் உண்டு. ட்ரிப்அட்வைசரில் பதிலைச் சரிபார்த்துவிட்டுத்தான் வெளியிடுவார்கள், அதனால் வசவு அங்கே போய்ச் சேரவே சேராது. நல்லதுதான்.

பாராட்டுக்கெல்லாம் ஒரு வரி போதும். உட்கார்ந்து படிக்க வேண்டியவை மூன்று ஸ்டார் ரிவ்யூக்கள். ஒரு ஸ்டாரில் கோபம் அதிகம், ஐந்து ஸ்டாரில் மரியாதை அதிகம். மூன்று ஸ்டார்க்காரர் நிதானமாக எழுதுவார்: "ரூம் சுத்தம், ஆட்கள் நல்லவர்கள். விடிகாலையில் தூங்க முடியவில்லை."

மாதம் ஒரு முறை இவற்றை எல்லாம் அந்த நூறு பக்க நோட்டின் கடைசியில் ரூம் வாரியாக எழுதிப் பார்த்தால் சில விஷயம் தானாக வெளியே வரும். தூக்கம் பற்றிய மூன்று ரிவ்யூவும் மூன்று மாத இடைவெளியில், மூன்று ஆப்பில் வந்திருக்கும். தனித்தனியாகப் படித்தபோது ஒன்றும் தோன்றியிருக்காது. தேதியை வைத்து ரெஜிஸ்டரில் தேடினால் மூன்றும் ரூம் 104. சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ரூம். வாட்ச்மேன் நாலரைக்கு ஸ்விட்ச் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார். தொட்டியை ராத்திரி ஒன்பதுக்கே நிரப்பிக்கொண்டால் விடிகாலையில் மோட்டாருக்கு வேலை இல்லை. மோட்டார் காலுக்கு அடியில் அரை அங்குல ரப்பர் ஷீட் வைத்தால் ராத்திரிச் சத்தமும் குறையும். அது முடிந்த பிறகு மூன்று பழைய பதில்களையும் திறந்து பார்க்கலாம். திருத்த விடும் இடத்தில் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "மோட்டார் ஓடும் நேரத்தை இந்த மாதம் 3-ம் தேதி முதல் மாற்றிவிட்டோம்."